மேல் டிவிஷனுக்கு ஒரு பஸ்

என் தங்கை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு கவலை தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் அவள் தானா ராத்தா டவுனில் உள்ள இடைநிலைப்பள்ளியில், மலாய் பழக ஒரு வருடம் படிக்கும் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். தினமும் எப்படிப் போய் வருவாள்?

என் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. அப்போது சித்தி டவுனில் குடியிருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படித்தேன். பிறகு ஈப்போவில் சாலைப் பணிகளுக்கான தொழில்நுட்பப் படிப்பை முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் தானா ராத்தாவிலேயே சாலை அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். அதற்குள் சித்தியின் குடும்பம் மலையிறங்கிப் போய்விட்டது. நான் மூன்று தாதிகளோடு ஓர் அறையைப் பங்குபோட்டிருந்தேன். அந்த வீட்டுக்காரம்மா ஒரு பூனையைக்கூட உள்ளே விடமாட்டார். ஆறு வருடம் தங்கிப் படிக்கும் தங்கையை எங்கே விடுவார்?

எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மேல் டிவிஷனில் இருந்தது. பஸ் கீழ் டிவிஷன் வரைதான் வரும், தேயிலை ஆலை வாசலில் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து மேலே மண்பாதை. பாதி தூரத்தில் ஓர் ஓடை, அதன்மேல் ஒரு பலகைப் பாலம். காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் பனிமூட்டம் விலகுவதற்கு வெகு நேரம் முன்பே இருட்டில் இறங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் கொழுந்து லோரி கீழே தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும், ஆனால் இடைநிலைப்பள்ளிக்கு அந்த நேரம் ஒத்துவராது. அதனால் என்னைத் தவிர மேல் டிவிஷன் பெண்பிள்ளைகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பையன்கள் சிலர் ஒரு வருடம் நடந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

எதையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பழக்கம். ஒருநாள் இரண்டு டிவிஷன்களையும் எழுதிப் பார்த்தேன். கீழ் டிவிஷனில் இருந்தவை: தார்ச்சாலை, பஸ், வாரத்துக்கு ஒருமுறை வரும் தாய்சேய் நலத் தாதி, சிமெண்டு வாய்க்கால், பந்து விளையாடத் திடல். மேல் டிவிஷனில் இருந்தது: நல்ல காட்சி. ஆலை கீழே இருப்பதால்தான் எல்லாம் அங்கே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கீழ் டிவிஷனில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ஒரு கட்சியின் கிளைப் பொறுப்பாளர். சம்பள வாரத்தில் சாமான் வாங்கப் போன அம்மா, பஸ்ஸை மேலே வரவைக்க முடியுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். கூடப் போனவர் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மா. சொந்தமில்லை, ஆனால் சொந்தங்களைவிட அதிகமாக எங்கள் வீட்டில் அதிகாரம் செய்பவர். அங்கே நடந்ததை அவரே நடித்துக் காட்டினார்.

“பஸ்ஸா? மேலயா? அக்கா, மேல எத்தன ஓட்டு இருக்கு?”

“ஆளு இருக்கோமே அம்பது அறுவது குடும்பம். கண்ணு தெரியலையா?”

“ஆளு இருக்கலாம் லா. ஓட்டு? போன எலெக்‌ஷனுக்கு மேல உள்ள ஓட்டு மொத்தத்தையும் என் வேன்ல ஒரே நடையில ஏத்தியாந்தேன். ரெண்டு மூட்ட அரிசி வைக்கிறதுக்கும் எடம் இருந்துச்சு.”

அவர் கெட்டவர் இல்லை. யாரும் எங்களிடம் சொல்லாத ஒரு கணக்கைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஓட்டு கேட்டு வருபவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான் எந்தப் பாதையில் ஏறுவது என்று முடிவுசெய்கிறார்கள். பட்டியலில் மேல் டிவிஷன் கிட்டத்தட்ட வெறும் காடு.

“அரிசி மூட்டையோட நம்மள சேத்து எண்ணிட்டான் பாரு!” என்று பெரியம்மா பொருமினார்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்.

“ஓட்டுல பேரு சேக்க என்னா வேணும்?”

“நீல ஐசி வேணும். இருபத்தோரு வயசு ஆயிருக்கணும்.”

“எனக்கு ஆயிருச்சா?”

“எனக்கே ஆயிருச்சும்மா!”

அம்மா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். வெகுகாலம் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்து, அப்போதுதான் குடியுரிமை கிடைத்து நீல அட்டை வாங்கியிருந்தார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெரியம்மா இங்கேயே பிறந்தவர், நீல அட்டை பெட்டிக்குள் பல வருடமாகக் கிடந்தது. ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, “அதான் அவரு போட்டுட்டு வர்றாரே, வீட்டுக்கு ஒண்ணு போதாதா?” என்றார். லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ரேஷன் போல வீட்டுக்கு ஒன்று.

நான் அரசாங்க ஊழியர், எந்தக் கட்சிக்கும் பேச முடியாது. ஆனால் எங்கே, எப்போது, எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லலாம். பதிவு அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் மண்டபத்தில் மேசை போட்டார்கள். கடைக்காரரே வேனைக் கொண்டுவந்து ஆலை வாசலில் நிறுத்தினார். இந்தத் தடவை ஒரு நடை போதவில்லை. மூன்றாவது நடைக்குத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம், இத்தனை பேரும் தன் கட்சிக்குத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார் போல.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். பெரியம்மா விரலை நீட்டியபோது குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்.

“மை தேவையில்ல சார், அப்படியே வச்சிரவா?” என்றார் பெரியம்மா. குமாஸ்தாவுக்குத் தமிழ் புரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த வருடம் தங்கை ஆறாம் வகுப்புக்குப் போனாள், தேர்தலும் வந்தது. என்ன கேட்பது என்று பேச ஒரு சாயங்காலம் எல்லோரும் தண்ணீர்க் குழாயடியில் கூடினார்கள். கோயில் தலைவர் தகரக் கூரை வேண்டும் என்றார். ஆண்கள் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்றார்கள். நான் ஒரு தாளில் பதினொன்று எழுதி வைத்திருந்தேன், வாய்க்காலின் குறுக்குவெட்டுப் படத்தோடு.

“போன தடவ என்னா குடுத்தானுங்க?” என்று ஒருத்தர் கேட்டார்.

“பந்து.”

“பந்து எங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். திடல் இல்லாத மேல் டிவிஷனுக்கு முந்தைய தேர்தலில் ஒரு பந்தும் ஒரே அளவில் பதினைந்து சட்டைகளும் கொடுத்தார்கள். முதல் நாள் முதல் உதையில் பந்து சரிவில் உருண்டு ஓடைப் பக்கம் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. சட்டைகளைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளிக்குமேல் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஆளாளுக்கு ஒன்று கேட்டதில் கொடுத்தவர்களுக்கு எது மலிவோ அது வந்தது என்பது குழாயடியில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சத்தம் அடங்கியபோது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. யார் வந்தாலும், எது கேட்டாலும், பதில் பஸ்.

“அப்ப சாமி நனையறதா?” என்றார் கோயில் தலைவர்.

“சாமிக்குப் பள்ளிக்கூடம் போற வேல இல்லண்ணே. அடுத்த எலெக்‌ஷனுக்கு அதுக்குக் கேப்போம்” என்றார் பெரியம்மா. நான் என் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு கட்சி வேட்பாளர்களும் ஒரு வாரத்துக்குள் வந்தார்கள். எனக்குத் தெரிந்து மேல் டிவிஷனில் முதல் தடவை. முதலில் வந்தவர் மாலையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அன்பாக, “உடம்பெல்லாம் நல்லா இருக்காம்மா?” என்று கேட்டார்.

“ஒடம்பு நல்லா இருக்குங்க. பஸ்தான் இல்ல.”

அவர் இன்னொருவர் பக்கம் திரும்பினார். “பிள்ளைங்க எத்தனை?”

“மூணுங்க. மூணும் பஸ் இல்லாம வீட்டுல இருக்குதுங்க.”

கடைசியில் அவர் கையைத் தூக்கிச் சிரித்தார். “சரி, சரி. ஆனா இந்தப் பாதையில பஸ் ஏறுமா?”

“நீங்க ஏறி வந்துட்டீங்களே” என்றார் அம்மா. திரும்பிப் போகும்போது அவர் கார் பாலத்துக்கு இந்தப் பக்கம் சேற்றில் புதைந்தது. பெண்கள்தான் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது வேட்பாளர் விஷயம் தெரிந்தே வந்தார், மாலை போடுவதற்கு முன்பே பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நான் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் நின்று இரண்டையும் கேட்டேன். என்னால் சிரிக்கத்தான் முடியும், பேச முடியாது.

வாக்களிப்பு நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் மலையில் வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். தேயிலைக் காட்டை எங்கள் ஆட்கள் மலை என்பார்கள். கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடிகள். எல்லோரும் அடியில் தொடங்கிப் பறித்துக்கொண்டே மேட்டுக்கு ஏறுவார்கள். ஒருத்தி பின்தங்கினால், இரண்டு பக்கத்து நிரைக்காரர்களும் அவளுடைய செடிக்குக் கையை நீட்டிப் பறித்து அவள் கூடையில் போட்டு ஏற்றிவிடுவார்கள். அனுமதி கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. அம்மாவுக்கு அடுத்த நிரை எப்போதும் பெரியம்மாவுடையது.

தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையில் வாக்களிப்பு நடந்தது. பெண்கள் தலைக்குக் குளித்து, தீபாவளிப் புடவையும் அதற்குமேல் கம்பளிச் சட்டையும் போட்டு, கியா பார்மில் வாங்கிய செவ்வந்தியை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே மலையில் நிற்கும் அதே வரிசையில் நின்றார்கள். அம்மாவுக்குப் பின்னால் பெரியம்மா, அவருக்குப் பின்னால் நான்.

உள்ளே இரண்டு மேசைகளில் அட்டை மறைப்பு வைத்திருந்தார்கள். தலைமை அதிகாரி ஒரு மலாய்க்கார ஆசிரியர். சுவரோரம் இரண்டு கட்சிகளின் முகவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் நமது கடைக்காரர், இன்னொருவர் எதிர்க்கட்சிக்காரரான ஓர் இளைஞர். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு முதல் மறைப்புக்குப் பின்னால் போனார். பெரியம்மா இரண்டாவதுக்குப் போய், போட்டு, மடித்து, பெட்டியில் செலுத்திவிட்டு நிமிர்ந்தார். அம்மா இன்னும் வரவில்லை.

அம்மா பின்னால் சொன்னது: சீட்டு அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் முதலில் கையைப் புடவையில் துடைத்தாராம். பிறகு பென்சில் எழுதுகிறதா என்று மேசைமேல் கீறிப் பார்த்தாராம். பிறகு இரண்டு சின்னத்தையும் நன்றாகப் பார்த்தாராம். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்ததை அவசரப்பட்டுக் கெடுக்கக் கூடாது அல்லவா?

பெரியம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அடுத்த நிரை பின்தங்கி நிற்கிறது, அவ்வளவுதான். நேராக அம்மாவின் மேசைக்குப் போய் மறைப்புக்குள் கையை நீட்டினார்.

“என்னா, இன்னும் முடியலையா? தள்ளு, நான் பாத்துக்குறேன்.”

அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “மாக்சிக்! மாக்சிக்! தா போலே!” அத்தை, கூடாது, கூடாது என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

பெரியம்மா பதறவில்லை. தனக்குத் தெரிந்த மலாயில் பொறுமையாக விளக்கினார். “டியா லம்பாட், சார். சாயா தோலோங்.” அவள் தாமதம், நான் உதவுகிறேன்.

மறைப்புக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அக்கா, கைய எடுங்க. இத நான்தான் முடிக்கணும்.”

பெரியம்மா கையை எடுத்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, திகைப்பு. இருபது வருடத்தில் அம்மா அவர் கையை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தேன். வேறு ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டால் அந்த ஓட்டு செல்லாது என்று சொல்லிவிட்டால்? அம்மாவின் முதல் ஓட்டு. அதிகாரி பெரியம்மாவிடம், சீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். “நான் எங்க பாத்தேன், அவ முதுகுதான் தெரிஞ்சிச்சு” என்றார் பெரியம்மா. நான் அதை மலாயில் சொன்னேன். அதிகாரி முகவர்கள் பக்கம் திரும்பி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

“இல்லை!” என்றார் கடைக்காரர், கேள்வி முடிவதற்குள்.

“இல்லவே இல்லை!” என்றார் இளைஞர், அதே வேகத்தில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் ஓட்டு தனக்குத்தான் என்று இருவருமே உறுதியாக நம்பியிருந்தது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா மடித்த சீட்டோடு வெளியே வந்து, பெட்டியில் போட்டு, அது உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்தும் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா யாருக்குப் போட்டார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெரியம்மா மட்டும் தனக்குத் தெரியும் என்று சொல்லித் திரிகிறார். நம்ப வேண்டியதில்லை.

யார் ஜெயித்தார் என்பதை நான் எழுதவில்லை. இந்தக் கதைக்கு அது முக்கியமில்லை, தோற்றவரும் அதையே வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்தவர் நன்றி சொல்ல மேலே வந்தபோது பெண்கள் மாலையோடு ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னார்கள். சில மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வேலை ஆணை வந்தது: ஓடைவரை தார், பலகைப் பாலத்துக்குப் பதில் கான்கிரீட் பாலம். பாலத்துக்கு மேலே உள்ள பகுதி தோட்டத்துக்குச் சொந்தம், அதைத் தோட்ட நிர்வாகியான துரை பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

அளவெடுக்க மூத்த தொழில்நுட்பருக்கு உதவியாக என்னை அனுப்பினார்கள். பஸ் மேலே ஏறினால் மட்டும் போதாது, திரும்ப இடம் வேண்டும். லயத்துக்குக் கீழே பழைய நாற்றங்கால் இருந்த சமதளத்தில் முளைகளை அடித்து, கயிறு கட்டி, பஸ் திரும்பும் வட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். படிப்பில் எத்தனையோ தடவை காகிதத்தில் போட்ட வட்டம். கயிறு இழுபட்டு முழு வட்டமும் சமதளத்துக்குள்ளேயே அடங்கியபோது நான் மலையைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூவினார்கள். கங்காணி என்னையும் சேர்த்துத் திட்டினார்.

பள்ளி ஜனவரியில் திறக்கும், அக்டோபரிலேயே மழை பிடித்துக்கொண்டது. குத்தகைக்காரரின் ஆட்கள் பாதி வேலையில் லோரிக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தார் நனைந்தால் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும், லயத்தில் யாரும் அதைக் கேட்கத் தயாராக இல்லை. மழை விடும்போதெல்லாம் மேட்டிலிருந்து யாராவது ஒருத்தர் கத்துவார்: “அண்ணே! ஜனவரி வந்துருச்சு!” டிசம்பரில் மழை ஓய்ந்த ஓரிரு வாரத்தில் வேலை முடிந்தது. குத்தகைக்காரர் போகும்போது, “இந்த லயத்துப் பொம்பளைங்களுக்காகத்தான் முடிச்சேன்” என்றார். பயந்துதான் முடித்தார் என்று நினைக்கிறேன்.

ஓட்டு எங்களுக்கு எல்லாவற்றையும் தந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூலி அதனால் ஏறவில்லை, அது சங்கமும் கம்பெனியும் பேசி முடிவுசெய்வது. லயத்து வீடுகள் அதே வீடுகள்தான். ஆனால் பாதை வந்ததும் அதன் வழியாக மற்றவை ஒவ்வொன்றாக ஏறி வந்தன. தாய்சேய் நலத் தாதி வியாழக்கிழமைகளில் மேலேயும் வரத் தொடங்கினார். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் சந்தைக்குப் போய்ப் பாதி விலையில் காய்கறி வாங்கினார்கள், கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. படிப்பை நிறுத்தியிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் தையல் வகுப்பில் சேர்ந்தார்கள். இதையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

பள்ளி திறந்த நாள் நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். இருட்டு விலகாத நேரத்தில் பஸ்ஸின் விளக்கு பாலத்தைத் தாண்டி வளைந்து ஏறி வந்தது. பெரட்டுக்குப் புறப்பட்ட பெண்கள் எல்லோரும் கூடையோடு வழியில் நின்றுவிட்டார்கள். வட்டத்தில் பஸ் ஒரே மூச்சில், பின்வாங்காமல், திரும்பி நின்றது. நான் மூச்சை விட்டேன். ஏழு பிள்ளைகள் ஏறினார்கள், ஐந்து பேர் பெண்பிள்ளைகள். தங்கையின் தலையில் அம்மா கட்டிய ரிப்பன் அவள் காதைவிடப் பெரிதாக இருந்தது.

“டிரைவர் தம்பி, மெதுவா ஓட்டு லா!” என்று பெரியம்மா கத்தினார். அந்த டிரைவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும்.

அன்று முழுவதும் அம்மா மலையில் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் தங்கை இறங்கி வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்கவிடாமல் கேட்டார். “பஸ்ஸு பாலத்துல எப்படிப் போச்சு? டவுனு வரைக்கும் என்னென்னா பாத்த? பயமா இருந்துச்சா?”

தங்கை கண்ணைக் கசக்கினாள். “தெரியலம்மா. ஏறி ஒக்காந்ததும் தூங்கிட்டேன். பள்ளிக்கூடத்துல கண்டக்டர்தான் எழுப்பிவிட்டாரு. வரும்போதும் தூங்கிட்டேன்.”

அம்மா ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டதாகப் பெரியம்மா வந்து சொன்னார். கூடையை இறக்கிக்கொண்டே சொன்னாராம்: “எம்மவ பள்ளிக்கூடத்துக்குத் தூங்கிக்கிட்டே போறா, தெரியுமா?”